முக்காட்டுக் கல்யாணத்தில் பெண் வேஷம்

தாராபுரத்துப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்த கையோடு புனேக்கு வேலைக்கு வந்தவர் கந்தசாமி. மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல்ரூமில் வேலை. வந்த புதிதில் ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கேண்டீனில் மற்றவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஓரமாக உட்கார்ந்து, ரொட்டிக்குள் வடை வைத்த வடாபாவைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோவார்.

ஒருநாள் சூப்பர்வைசர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு மெஷினையும் மோந்து பார்ப்பதுபோலக் குனிந்து குனிந்து நடந்துபோனார். அவர் தலை மறைந்ததும் கந்தசாமி அதே மாதிரி நடந்து காட்டினார். ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. பட்டறையே சிரிப்பில் அதிர்ந்தது. அன்று மத்தியானம் யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெரிய மேசையில் உட்காரவைத்தார்கள். 'கந்து' என்று பெயரைச் சுருக்கினார்கள். பாஷை பிறகு மெதுவாக வந்தது. ஆனால் அந்த ஊரில் தனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது அந்த நடையால்தான் என்பதை அவர் மறக்கவில்லை. அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார். தோளை எப்படி வைக்கிறார்கள், கை எந்தப் பக்கம் வீசுகிறது, எல்லாம் தன்னால் மனதில் ஏறிக்கொள்ளும்.

கல்யாணமாகி, புது சாங்வியில் ஒரு பிளாட் வாங்கி, மகளைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்பி, தலை நரைத்துவிட்ட பிறகும் அவருடைய பெருமை அதுதான். தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு நாடகம் போடுவார்கள். கூன் விழுந்த கிழவனா, குடிகாரனா, திக்குவாய் வக்கீலா, கந்தசாமியைக் கூப்பிடு என்பார்கள். அவர் மனைவி சாவித்ரி முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

அந்த வருஷம் 'முக்காட்டுக் கல்யாணம்' போடுவது என்று ரவிசந்திரன் முடிவு செய்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று வானவடியில் இருப்பவர். சங்கத்து நாடகங்களுக்கெல்லாம் அவர்தான் டைரக்டர். 'முக்காட்டுக் கல்யாணம்' பழைய நாடகம். சபாக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஊர் ஊராகப் போட்டது. வயதானவர்களுக்கு அதன் வசனம் இன்னும் மனப்பாடம்.

கதை இதுதான். வரதட்சணைக்கு ஆசைப்பட்ட சிதம்பரம் என்கிற மாப்பிள்ளையைத் தரகர் ஏமாற்றி, முக்காடு போட்ட ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டவைத்துவிடுகிறார். முக்காட்டை விலக்கினால் கறுத்த, தடித்த, பல் எடுப்பான பெண். சிதம்பரம் மயங்கி விழுகிறான். அதிலிருந்து கடைசிவரை அவன் அவளிடமிருந்து தப்பித்து ஓடுவதுதான் நாடகம். முடிவில் கல்யாணம் செல்லாது என்று ஆகி, அவளைச் சமையற்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். "பொண்ணு வேண்டாம் சாமி, அந்தப் பித்தளை அண்டாவை மட்டும் குடுத்துடுங்க" என்று சமையற்காரன் கெஞ்ச, சபை உருண்டு சிரிக்கும்போது திரை விழும்.

அந்தப் பெண் வேஷத்தை எப்போதும் ஓர் ஆண்தான் போடுவது வழக்கம். "எந்தப் பொம்பளைகிட்டப் போய் இந்த ரோலுக்கு நீதாம்மா பொருத்தம்னு சொல்றது? உதைதான் விழும்" என்று ரவிசந்திரன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வேஷம் கந்தசாமிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சாங்வியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை கோதைக்கு. கந்தசாமி குடியிருக்கும், சொசைட்டி என்று அங்கே சொல்கிற அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே எதிர் பிளாக்கில் இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வங்கியில் அதிகாரியாக மாற்றலாகி வந்து அங்கேயே தங்கிவிட்டார். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளை உயர்த்தி நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து நடப்பார். அப்படியே நடந்து பஸ் பிடிப்பார், காய்கறி வாங்கி வருவார். சாவித்ரிக்கு டெங்கு வந்து படுத்த வாரம், தினமும் அவர் வீட்டிலிருந்துதான் ரசம் வந்தது. ஒத்திகைக்கு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போவது கந்தசாமியின் வழக்கம். புனேயிலேயே வளர்ந்த பையன்களுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், அவர்கள் பாகத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்ததும் கோதைதான்.

முதல் சில வாரங்கள் கந்தசாமிக்கு வேஷம் பிடிபடவில்லை. இடுப்பை ஆட்டி நடந்தார், வாத்து மாதிரி நடந்தார். ரவிசந்திரன் உதட்டைப் பிதுக்கினார். "சிரிப்பே வரலையேய்யா. முக்காட்டை எடுத்துட்டு நீ எந்திரிச்சு நாலு எட்டு வச்சா ஹாலே அலறணும். உன்கிட்ட எதிர்பார்க்கறது அதுதான்."

அடுத்த ஞாயிறு வங்கியில் ஆடிட் என்று கோதை வரவில்லை. அன்று கந்தசாமி மணையிலிருந்து எழுந்தார். கையைத் தொடையில் ஊன்றினார். சாய்ந்தார். தோளை உயர்த்தி நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார்.

சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே சிரிப்பு. சமையற்காரன் வேஷம் போட்ட சபரி, பாணேரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற பையன், தரையில் உட்கார்ந்துவிட்டான். ரவிசந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுதான்யா, இதேதான், மாத்தாதே" என்றார். அது யாருடைய நடை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லோருக்கும் தெரியும் என்பது தெரிந்தது.

கோதை திரும்பி வந்த வாரத்திலிருந்து கந்தசாமி ஒத்திகையில் நேராக நடந்தார். "நடையை மேடைக்கு வச்சுக்கறனுங்க, இப்பவே காட்டினா சுவாரசியம் போயிரும்" என்று சொல்லி வைத்தார். ரவிசந்திரன் தலையாட்டினார். காரில் திரும்பும்போது கோதை, "சார், முக்காடு விலகற இடத்துல இன்னும் கொஞ்சம் மெதுவா எந்திரிச்சீங்கன்னா நல்லா இருக்கும்" என்றுகூட யோசனை சொன்னார். கந்தசாமி "சரிங்க மேடம்" என்றார்.

விழா அன்று காலை பிம்ப்ரி பக்கம் ஒரு வாடகை ஹாலில் நாடகம். முடிந்ததும் சாப்பாடு. கூட்டம் நிரம்பிவிட்டது, பின்னால் நின்றுகொண்டும் பார்த்தார்கள். கோதை மேடையின் ஓரத்தில், திரை மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சிதம்பரம் முக்காட்டை விலக்கி மயங்கி விழுந்தான். கரி பூசிய முகமும் ஒட்டுப் பல்லுமாகக் கந்தசாமி எழுந்து நடந்தார். ஹால் அலறியது. முதல் எட்டுக்கு ஒரு சிரிப்பு, இரண்டாம் எட்டுக்கு இன்னும் பெரிதாக. சிரிப்பு அடங்குகிற மாதிரி இருந்தால் இன்னும் ஆழமாகச் சாய்ந்தார். முன்வரிசையில் சிலர் பக்கத்து ஆளின் தொடையில் தட்டிக்கொள்வது தெரிந்தது. மேடையின் அந்த ஓரம்வரை போய்த் திரும்பியபோது கோதையின் முகத்துக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

அவர் அழவில்லை. கோபமாகவும் இல்லை. பாடம் நடக்கும்போது வாத்தியார் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கந்தசாமிக்கு வசனம் மறந்துபோனது.

சிதம்பரம் கீழே கிடந்தபடி கண்ணைத் திறந்து பார்த்தான். சபை காத்திருந்தது. அந்த நிசப்தத்தில் ஓரத்திலிருந்து கோதையின் குரல், எப்போதும்போலத் தெளிவாக, வசனத்தை எடுத்துக்கொடுத்தது.

"நான் என்ன அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

முன்வரிசைவரை அது கேட்டது. யார் குரல் என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். கந்தசாமி அதையே திருப்பிச் சொன்னார். அப்போது மொத்த ஹாலும் சிரித்தது. கடைசிவரை கோதை ஒரு வரியைக்கூடத் தவறவிடவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் முதுகில் தட்டாத ஆளில்லை. "கொன்னுட்டீங்க சார்" என்றார்கள். அவர் ஒட்டுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். சற்றுத் தள்ளி, தட்டோடு நின்ற கோதையிடம் யாரோ "நாடகம் எப்படி?" என்று கேட்டார்கள். "நல்லா இருந்தது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

திரும்புவதும் அதே காரில்தான். சாவித்ரி முன்னால், கோதை பின்னால். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்வை படாமலிருக்கக் கந்தசாமி கழுத்தை விறைத்துக்கொண்டு ஓட்டினார். ஔந்த் பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை. யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. கடைசியில் கோதைதான் பேசினார். "சாம்பார்ல உப்பு கொஞ்சம் தூக்கல், இல்ல?"

"ஆமா, ஆமா" என்று சாவித்ரி அவசரமாகச் சொன்னார்.

சொசைட்டியில் இறங்கி, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுக் கோதை தன் பிளாக்கை நோக்கி நடந்தார். வண்டிக்குள் இருந்தபடி கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நடையைப் பார்க்கிற உரிமை இனித் தனக்கு இல்லை என்று தோன்றியது.

வீட்டில் சாவித்ரி பாலைக் காய்ச்சி இறக்கினார். பிறகு, "நானும் சிரிச்சேனுங்க. சிரிச்சு ஓஞ்சதுக்கப்புறந்தான் யாரைப் பாத்துச் சிரிச்சமுன்னு உறைச்சுது. உங்களைத் திட்டறதுக்கு எனக்கு வாயில்ல" என்றார்.

யாரோ அந்த நடையை மட்டும் மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அது சங்கத்து குரூப்பிலிருந்து சொசைட்டி குரூப்புக்கு வந்தது. தமிழ் தெரியாதவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்; அதற்குப் பாஷை தேவைப்படவில்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம், பால் வாங்கிக்கொண்டு கந்தசாமி கேட்டுக்குள் நுழைந்தபோது, கோதை வங்கியிலிருந்து வந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று நான்கு பிள்ளைகள் வரிசையாக, கையைத் தொடையில் ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து வந்தார்கள். கடைசியில் வந்த சிறுமி சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது. முன்னால் போனவன் திரும்பி, "அப்படியில்லை, கந்து அங்கிள் மாதிரி நட" என்று ஹிந்தியில் கத்தினான்.

கோதை திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடக்க முயன்றார். வேகமாக நடந்தால் சாய்வு இன்னும் அதிகமானது. பிள்ளைகளும் அதிகம் சாய்ந்தார்கள்.

கந்தசாமி ஓடிப்போய் அவர்களை அதட்டினார். பிள்ளைகள் மிரண்டு நின்றார்கள். அந்தச் சிறுமிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. "ஆப் ஹீ நே தோ கியா தா, அங்கிள்" என்றாள். நீங்கள்தானே செய்தீர்கள்? அதற்குள் கோதை படியேறிப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் கந்தசாமி கோதை வீட்டு மணியை அழுத்தினார். கோதை கதவைத் திறந்து, "உள்ள வாங்க சார்" என்றார். கந்தசாமி உட்காரவில்லை.

"மேடம், பெரிய தப்புப் பண்ணிப் போட்டனுங்க. வேணும்னு... உங்களைக் கேலி பண்ணோணும்னு நினைச்சுப் பண்ணலீங்க. என்ற வேலையே அப்படி ஆயிருச்சு. பாக்கறதையெல்லாம்..."

"உட்காருங்க" என்றார் கோதை. அவர் உட்கார்ந்ததும் தானும் எதிரில் உட்கார்ந்தார். "என் நடையை முதல்முதலா நீங்க ஒண்ணும் நடக்கலை. ஸ்கூல்ல நடந்திருக்காங்க, காலேஜ்ல நடந்திருக்காங்க. அது எனக்குப் பழக்கம். நான் இருந்தப்போ மட்டும் நேரா நடந்தீங்களே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை."

கந்தசாமி தலை கவிழ்ந்தார். "உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லணுமா? அன்னிக்கு மேடையில நீங்க நடந்தப்போ கூட நடிச்சவங்க ஒருத்தர்கூட ஆச்சரியப்படலை. அப்போ எல்லாரும் முன்னாடியே பார்த்திருக்காங்க. எனக்கு மட்டும் காட்டலை. ஒவ்வொரு வாரமும் உங்க காருலதான் வந்து போனேன், சார். மெதுவா எந்திரிங்கன்னு யோசனை வேற சொன்னேன்."

அவர் தலை கவிழ்ந்தே இருந்தது.

"இன்னொண்ணு சொல்றேன். அந்த நாடகத்தைப் பையன்களுக்கு இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் கொடுத்தேனே, அப்போதான் கவனிச்சேன். அதுல மாப்பிள்ளை வளர்க்கற நாய்க்குக்கூடப் பேர் இருக்கு. அவளுக்குப் பேரே இல்லை. 'பெண்'னு மட்டும் போட்டிருக்கு. ரவிசந்திரன் சார்கிட்டச் சொன்னேன். 'அட, இதையெல்லாம் யாரும்மா பார்க்கறாங்க'ன்னுட்டார். அப்பவே எழுந்து வந்திருக்கணும். எல்லாரும் சிரிக்கறப்போ நாம மட்டும் என்னத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணும்னு நானும் சிரிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அடுத்த மாசம் நிக்டியில மறுபடியும் போடறோமுங்க. மேடையிலயே எல்லார்த்துக்கும் முன்னால உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறனுங்க."

"ஐயோ, வேண்டாம்." முதல் தடவையாகக் கோதையின் குரல் உயர்ந்தது. "தயவுசெஞ்சு அதைப் பண்ணிடாதீங்க. மறுபடி ஹால் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். இத்தனை பெரிய மனசா உங்களுக்குன்னு உங்களைப் பாராட்டுவாங்க. எனக்கு எதுவும் வேண்டாம் சார்."

அவர் காபி கொண்டுவந்தார். கந்தசாமி அதைக் குடித்துவிட்டு வந்தார். சூடு நாக்கைப் பொசுக்கியதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ரவிசந்திரனுக்குப் போன் செய்து, தான் இனி அந்த வேஷம் போடப் போவதில்லை என்றார். "என்னய்யா, கோதைக்காகவா? அவங்களே நல்லா இருந்ததுன்னு சொன்னாங்களேய்யா. காலங்காலமா ஜனங்க சிரிச்சிட்டிருக்கிற நாடகம். சரி விடு, சபரி பண்றேங்கறான்" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த நடை தன்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்த கந்தசாமி அடுத்த ஞாயிறு ஒத்திகை ஹாலுக்குப் போனார். சபரி நடந்துகொண்டிருந்தான். வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறான். சாய்வு, தோள், தொடையில் ஊன்றிய கை, எல்லாம் இருந்தது. கூடவே நாக்கையும் வெளியே தொங்கவிட்டான். அது அவனாகச் சேர்த்தது.

"தம்பி, நடையை விட்டுரு" என்றார் கந்தசாமி.

"சார், உங்க வெர்ஷன்தானே? அதான் ஹிட்டு. நிக்டில அதைப் பார்க்கத்தான் வர்றாங்க."

வேறு வழி தெரியாமல், வேஷத்தைத் தானே போடுவதாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார். தான் போட்டால் வேறு யாரும் போட முடியாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. கோதையின் ஸ்டூலில் வேறு ஒருவர் உட்கார்ந்தார்.

நிக்டியில் முக்காடு விலகியதும் அவர் எழுந்து நேராக நடந்தார். ஹாலில் சிரிப்பே இல்லை. இரண்டு மூன்று எட்டுக்குப் பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், அந்த நடை!" என்றது. அதற்கு மட்டும் ஹால் சிரித்தது. "அந்த நடை நடங்க சார்!" என்று இன்னும் சிலர் கைதட்டிக் கேட்டார்கள். ஓரத்திலிருந்து ரவிசந்திரன் கையால் சைகை காட்டினார். கந்தசாமி அசையாமல் நின்றார். கரி பூசிய முகத்தில் வேர்வை வழிந்து கழுத்துக்கு இறங்கியது. இத்தனை பேர் தன்னைப் பார்த்துக் கேட்பது இதையா என்று நினைத்தார். கேட்கப் பழக்கியது தான்தானே என்றும் நினைத்தார். பிறகு வசனத்தைச் சொன்னார். "நான் என்ன அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அங்கங்கே சிலர் சிரித்தார்கள். நிறையப் பேர் நாற்காலியில் நெளிந்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சமாவது நல்ல நினைப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் நாடகம் முடியவில்லை. சபரி அண்டாவைக் கேட்டுக் கெஞ்சினான். சபை இழந்த சிரிப்பையெல்லாம் சேர்த்து அங்கே சிரித்தது. அந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்து, பல்லைக் காட்டிக்கொண்டு, அண்டாவைத் தூக்கிச் சமையற்காரன் பின்னால் போக வேண்டும். போகாமல் நின்றுவிடலாம் என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தார். மாப்பிள்ளையும் தரகரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, அவருக்குத் தைரியம் வரவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு சபரியின் பின்னால் போனார். பல்லையும் காட்டினார்.

ரவிசந்திரன் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டார்.

கோதை சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சாவித்ரியோடு பேச்சுவார்த்தை முன்போலவே இருந்தது. மாவு அரைத்தால் ஒரு கிண்ணம் இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும். கந்தசாமியைக் கண்டால் "வணக்கம் சார்" என்பார். ஆனால் காரில் ஏறச் சொன்னால், "ரிக்ஷா சொல்லியாச்சு சார்" என்றுவிடுவார். சொல்லியிருக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். பிள்ளைகள் மழைக்காலத்தில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

தீபாவளிக்கு முன்பு கோதைக்குப் பதவி உயர்வோடு கோலாப்பூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்று கந்தசாமி லீவு போட்டார். லாரி வந்ததும் கீழே இறங்கிப்போய், ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"விடுங்க சார், ஆளுங்க இருக்காங்க" என்றார் கோதை.

"பரவாயில்லீங்க, இது ஒண்ணை மட்டும்..."

"வேண்டாம் சார்."

குரலில் கடுமை இல்லை. கந்தசாமி பெட்டியைக் கீழே வைத்தார். ஆட்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். கோதை சாவித்ரியைக் கட்டிக்கொண்டார், இவரைப் பார்த்து "வர்றேன் சார்" என்று கையெடுத்தார், டாக்சியை நோக்கி நடந்தார். இந்தத் தடவை கந்தசாமி குனிந்துகொள்ளவில்லை. டாக்சிக் கதவு சாத்துகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உள்ளே உட்கார்ந்து காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டு, டிரைவரிடம் மராத்தியில் ஏதோ சொன்னார். வண்டி கிளம்பியது.